தோனியிடம் பணம் இல்லையா?

ஐஎஸ்எல் கால்பந்துத் தொடரின் 2025-26 பருவம் நிறுத்திவைக்கப்படுவதாக 2025 ஜூலையில் செய்தி வந்தது. தொடரை நடத்திவந்த நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் 2010-ல் கையெழுத்தான ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்தது. அதற்குப் பிறகு தொடரை யார் நடத்துவது, பணத்தை எப்படிப் பங்கிடுவது என்பதில் முடிவு எட்டப்படவில்லை. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி முதல் அணி வீரர்களின் சம்பளத்தை நிறுத்திவைத்தது. இரண்டு முறை கோப்பை வென்ற சென்னையின் எஃப்சியும் அதே முடிவுக்கு வந்தது. சென்னை அணியின் உரிமையாளர்களில் மகேந்திர சிங் தோனியும் அபிஷேக் பச்சனும் உண்டு என்று தெரிந்த ஒன்பது வயதுக் குழந்தைக்கு இந்தச் செய்தியில் ஒரே ஒரு சந்தேகம்தான் வரும்: தோனியிடம் பணம் இல்லையா? சிரித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாத கேள்வி இது. உரிமையாளரின் பணமும் கிளப்பின் பணமும் வேறு வேறு, கிளப்பின் வரவு தொடர் நடப்பதைப் பொறுத்தது, தொடர் நடப்பது ஒளிபரப்பையும் விளம்பரதாரர்களையும் பொறுத்தது என்ற மூன்று செய்திகள் இதற்கான பதிலுக்குள் இருக்கின்றன. பணக் கஷ்டத்தில் இருக்கும் விளையாட்டுக் கிளப்பைப் போல, குடும்பத்தின் வசதி என்றால் என்ன என்பதைக் குழந்தைக்கு விளக்கும் பாடம் வேறொன்று கிடைப்பது அரிது என்பது என் வாதம். உண்டியலில் காசு சேர்க்கச் சொல்லிக் கற்பிப்பதைவிட இது பல மடங்கு மேல்.

குழந்தைகள் பணத்தை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதை உளவியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறார்கள். அந்த ஆய்வுகளில் எளிமையும் அழகும் கூடியது, குஸ்டாவ் ஜஹோடா ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து நடத்தி 1979-ல் வெளியிட்ட ஆய்வு. பிள்ளைகளைக் கடைக்காரராக நடிக்கவைத்து, விற்கிற சரக்கைக் கடைக்காரர் என்ன விலைக்கு வாங்கியிருப்பார் என்று அவர் கேட்டார். விற்ற விலைக்கேதான் வாங்கியிருப்பார் என்றார்கள் சிறு பிள்ளைகள். கொஞ்சம் வளர்ந்தவர்களுக்குக் கடையில் வேலை பார்ப்பவருக்குச் சம்பளம் உண்டு என்பது தெரியும், பொருளுக்கு விலை உண்டு என்பதும் தெரியும். ஆனால் கல்லாவில் விழுகிற காசுதான் சம்பளமாக மாறுகிறது என்று அவர்கள் நினைக்கவில்லை. சம்பளம் வேறெங்கிருந்தோ வருகிறது. இரண்டும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பது ஏறக்குறைய பத்து, பதினோரு வயதில்தான் விளங்குகிறது. இத்தாலியில் பெர்த்தியும் பொம்பியும் செய்த ஆய்வுகளிலும், கடைக்காரர் தரும் சில்லறைதான் பணம் பிறக்கும் இடம் என்று நம்பிய குழந்தைகள் இருந்தார்கள். இந்தக் கண்டுபிடிப்புகளைப் படித்துவிட்டுக் குழந்தைகளின் அறியாமையை எண்ணிப் புன்னகைப்பவர்கள், குழந்தையின் கண்ணில் படுவது எது என்று யோசிப்பதில்லை. செலவு மேடையில் நடக்கிறது. வரவும் கடனும் திரைக்குப் பின்னால். ஏடிஎம் பணத்தைக் கக்குவதும் கைபேசியில் கியூஆர் கோடைக் காட்டியதும் பொருள் வீட்டுக்கு வருவதும் தெரிகின்றன. மாதம் பிறந்ததும் தவணைக்குப் போகிற தொகை தெரிவதில்லை.

காண்பதை வைத்துத்தானே கணிக்க முடியும்? அமெரிக்காவில் ராபர்ட் லீஹி 1981-ல் வெளியிட்ட ஆய்வில், பணக்காரர் யார், ஏழை யார் என்று கேட்டபோது சிறு வயதினர் வீடு, கார், உடை என்று உடைமைகளைத்தான் பட்டியலிட்டார்கள். 2016-ல் வந்த இன்னோர் ஆய்வு, நான்கைந்து வயதிலேயே குழந்தைகள் அதிகம் வைத்திருக்கும் சக குழந்தையை விரும்பி நாடுவதைக் காட்டியது. வகுப்பறையில் யாருடைய ஷூ எந்த பிராண்ட் என்பதிலிருந்து யாருடைய அப்பா பெரிய ஆள் என்பதுவரை ஒரே மூச்சில் போய்விடுகிற கணக்கு அது. கணக்கு தப்பு என்று சொல்வதால் மட்டும் அது மாறாது. நிறைய வைத்திருந்தும் கையில் ஒன்றுமில்லாத ஒருவரைக் குழந்தை பார்க்க வேண்டும். அந்த ஒருவர் தெரிந்த குடும்பமாக இருப்பது நாகரிகமில்லை. ஸ்பெயின் நாட்டுக் கிளப்பாக இருந்தால் யாருக்கும் மனம் நோகாது.

பார்சிலோனாவை எடுத்துக்கொள்வோம். டெலாய்ட் நிறுவனம் 2020 ஜனவரியில் வெளியிட்ட வருமானப் பட்டியலில் உலகக் கால்பந்துக் கிளப்புகளில் முதலிடம் அதற்குத்தான்: ஒரே பருவத்தில் 84 கோடி யூரோ. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் லியோனல் மெஸ்ஸி கண்ணீரோடு விடைபெற்றார். சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொள்ள அவர் சம்மதித்தும், லீகின் செலவு வரம்புக்குள் அவரைப் பதிவுசெய்யக் கிளப்பால் முடியவில்லை. கடன் சுமார் 135 கோடி யூரோ என்றும் சம்பளச் செலவு மொத்த வருமானத்தில் 103 சதவீதம் என்றும் அதே மாதம் தலைவர் ஜோன் லபோர்த்தா அறிவித்தார். கொரோனா காலத்தில் மைதானம் மூடிக்கிடந்தது உண்மைதான். ஆனால் நெய்மரை விற்று வந்த 22.2 கோடி யூரோவைத் தாண்டி, புதுப்புது நட்சத்திரங்களுக்கு அள்ளிக்கொடுத்த பழக்கம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. நூறு ரூபாய் வந்தால் நூற்று மூன்று ரூபாய் சம்பளமாகவே போகிறது, மின்கட்டணமும் வட்டியும் அதற்கு மேல் என்று சொன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியாமல் போகாது. அதிக வருமானம் வருவதும் வசதியாக இருப்பதும் ஒன்றில்லை என்பது அங்கே புரிந்துவிடும்.

வசதி எதுதான் என்பது அடுத்த அத்தியாயத்தில் வருகிறது; என் பார்வையில் இதுவே முக்கியமான பகுதி. 2022 கோடையில் பார்சிலோனா தன் லீக் ஒளிபரப்பு வருமானத்தில் 25 சதவீதத்தை 25 ஆண்டுகளுக்கு ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்திடம் விற்றது. காய் காய்க்கும் முன்பே மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்டு முன்பணம் வாங்குகிற வேலைதான். வந்த பணத்தில் கணக்கைச் சரிக்கட்டி, அதே கோடையில் லெவன்டோவ்ஸ்கி என்ற நட்சத்திர வீரரையும் வாங்கியது. தொலைக்காட்சியில் பார்க்கும் சிறுவனுக்குக் கிளப் மறுபடி பணக்காரன் ஆகிவிட்டதாகத் தோன்றும். இதற்கு எதிரே இங்கிலாந்தின் பெரி எஃப்சியை வைத்துப் பாருங்கள். 1885-ல் தொடங்கி, எஃப்ஏ கோப்பையை இரண்டு முறை வென்ற கிளப். 2019-ல் சம்பளம் பாக்கி நிற்கும்போதே அதன் வீரர்கள் ஆடி வென்று மேல் பிரிவுக்கு முன்னேறினார்கள். அந்தப் பிரிவில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல், கடனைத் தீர்க்க வழி காட்ட முடியாததால் ஆகஸ்ட் 27-ந் தேதி லீகிலிருந்தே நீக்கப்பட்டது. கிக் லேன் மைதானம் ஏற்கெனவே அடமானத்தில் இருந்தது. வரவை மீறிச் செலவு செய்தது இரண்டு கிளப்புகளும்தான். ஒன்றிடம் விற்பதற்கு இன்னும் ஏதோ இருந்தது, மற்றொன்றிடம் இல்லை. குடும்பங்களுக்கும் இந்த வேறுபாடு பொருந்தும். ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு வீடுகளில், ஒன்றுக்கு ஊரில் நிலமும் பீரோவில் நகையும் கேட்டால் கொடுக்கும் மாமாவும் உண்டு, மற்றதற்கு எதுவும் இல்லை என்றால் வேலை போகிற மாதத்தில்தான் அந்த இரண்டும் ஒரே நிலையில் இல்லை என்பது வெளியே தெரியும்.

இதற்கு ஆட்சேபங்கள் உண்டு. பணக் கவலையைக் குழந்தையின் தலையில் ஏற்றலாமா என்பது முதல் ஆட்சேபம். ஏற்றக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வீட்டில் கஷ்டம் வந்தால் அதன் வாடை குழந்தைக்குத் தெரியாமல் இருப்பதில்லை. பெரியவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வதே அதற்குப் போதும். விவரம் தெரியாத பயம் விவரம் தெரிந்த பயத்தைவிட மோசம். கிளப்பைப் பற்றிப் பேசும்போது கடன், பாக்கி, அடமானம் என்ற சொற்களெல்லாம் புழங்குகின்றன, ஆனால் இடிந்து விழுவது தன் வீடு இல்லை. குழந்தைக்கு இந்த இடைவெளி வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. பணத்தைப் பற்றிப் படிப்பித்தால் நடத்தை மாறிவிடுமா? 2014-ல் வெளியான ஒரு விரிவான ஆய்வுத் தொகுப்பு, நிதிக் கல்வி வகுப்புகள் மனிதர்களின் நிதி நடத்தையில் காணும் வேறுபாடுகளில் 0.1 சதவீதத்தைத்தான் விளக்குகின்றன என்று கணித்தது. விளையாட்டு வீரர்களே இதற்குச் சாட்சி. அமெரிக்கக் கால்பந்தான என்எஃப்எல்லில் ஆடியவர்களைப் பற்றிய 2015-ம் ஆண்டு ஆய்வு, ஓய்வு பெற்ற 12 ஆண்டுகளுக்குள் கிட்டத்தட்ட 16 சதவீதத்தினர் திவால் மனு போட்டதாகக் கண்டது. அதிகம் சம்பாதித்தவர்களும் தப்பிவிடவில்லை. (78 சதவீதம் என்று அடிக்கடி கண்ணில் படும் எண் திவாலோடு பொதுவான பணநெருக்கடியையும் சேர்த்துச் சொல்லப்பட்டது, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) எனவே கிளப்புகளின் கதையைக் கேட்டு வளரும் குழந்தை சிக்கனக்காரராக வளரும் என்று நான் உறுதி தரவில்லை. என் எதிர்பார்ப்பு அதைவிடச் சிறியது: பக்கத்து இருக்கைப் பிள்ளையின் பையைப் பார்த்து அதன் குடும்பத்தை எடைபோடும் பழக்கம் கொஞ்சம் தயங்கினால் போதும்.

ஏழைக் குழந்தைகளுக்கு இதெல்லாம் புதிதா என்று மூன்றாவதாகக் கேட்கலாம். புதிதில்லை. நாணயங்களின் அளவை மதிப்பிடச் சொன்னபோது வசதியான வீட்டுப் பிள்ளைகளைவிட ஏழைப் பிள்ளைகள் அவற்றை இன்னும் பெரிதாகக் கணித்தார்கள் என்று புரூனரும் குட்மேனும் 1947-ல் சொன்னார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அந்த முடிவு ஒரே மாதிரி கிடைக்கவில்லை என்றாலும், அடகுக்கடை வாசலில் அம்மாவோடு நின்ற குழந்தைக்குக் கடன் என்றால் என்ன என்று பார்சிலோனா வந்து சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பாடம் யாருக்கு வேண்டுமென்றால், தவணை, வட்டி என்ற பேச்செல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிற நடுத்தர வீட்டுப் பிள்ளைக்குத்தான்.

கிளப்புகளால் கற்பிக்க முடியாத ஒன்றும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். என்எஃப்எல்லில் தேசிய ஒளிபரப்புப் பணம் 32 அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது, சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது, கடந்த பருவத்தில் கடைசியில் வந்த அணிக்குப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்க முதல் வாய்ப்பு. அதனால்தான் சுமார் ஒரு லட்சம் பேர் மட்டுமே வாழும் கிரீன் பே நகரத்தின் அணி, ரசிகர்களே பங்குதாரர்களாக, பெருநகர அணிகளுக்கு ஈடுகொடுத்து ஆடிக்கொண்டிருக்கிறது. ஆண்டுதோறும் தன் கணக்கை வெளியிடுகிற என்எஃப்எல் அணியும் அது ஒன்றுதான். குடும்பங்களுக்கு இப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. கடைசியில் வந்தவருக்கு முதல் வாய்ப்பு என்று எந்த வீட்டுக்கும் யாரும் சொல்வதில்லை. தாத்தா விட்டுப்போன நிலம் பேரனுக்குப் போகிறது. வீடுகளுக்கும் ஏன் என்எஃப்எல்லைப் போலச் செய்யக் கூடாது என்று குழந்தை கேட்டால், பதில் விளையாட்டுப் பக்கத்தில் கிடைக்காது. வரி, இடஒதுக்கீடு, அரசுப் பள்ளி, உதவித்தொகை என்று பேச்சு வேறு பக்கத்துக்குத் திரும்பும், வீட்டிலேயே இரண்டு கட்சி உருவாகவும் கூடும். உருவாகட்டும்.