ரோசன்வால்ட் பள்ளிகளுக்குக் காசு கொடுத்தது யார்?

1912 முதல் 1932 வரை அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஏறத்தாழ 5,000 பள்ளிக்கூடங்கள் எழுந்தன. மக்கள் வழக்கில் அவை ‘ரோசன்வால்ட் பள்ளிகள்’. தபாலில் சரக்கு அனுப்பி நாடெங்கும் வியாபாரம் செய்த சியர்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்ட். பெயரைக் கேட்டால், சிகாகோ கோடீஸ்வரர் ஒருவர் எல்லாவற்றையும் கைக்காசில் கட்டிக்கொடுத்தார் என்றே தோன்றும். கணக்கு வேறு கதை சொல்கிறது. மொத்தச் செலவு சுமார் 2 கோடியே 84 லட்சம் டாலர். ரோசன்வால்ட் தரப்பு தந்தது சுமார் 43 லட்சம். கறுப்பின மக்கள் தாங்களே திரட்டியது சுமார் 47 லட்சம். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானது அரசுப் பணம்.

ரோசன்வால்டின் பெருமை அவர் கொடுத்த தொகையில் இல்லை, அதோடு சேர்த்துப் போட்ட நிபந்தனையில் இருக்கிறது என்பேன். யோசனை அலபாமாவில் டஸ்கீகி கல்வி நிறுவனத்தை நடத்திய புக்கர் டி. வாஷிங்டனுடையது, அடிமையாகப் பிறந்தவர் அவர். 1912-இல் தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ரோசன்வால்ட் கொடுத்த 25,000 டாலரில் மிஞ்சியதை வைத்து, சுற்றுவட்டாரத்தில் ஆறு சிறு பள்ளிகளை வாஷிங்டன் கட்டினார். பின்னர் வளர்ந்த திட்டத்தின்படி ஊரார் தங்கள் பங்கைப் போட வேண்டும். கட்டி முடித்ததும் நிலத்தையும் கட்டடத்தையும் அரசுக் கல்வி வாரியத்தின் பேருக்கு எழுதிவைக்க வேண்டும். வாரியம் ஏற்று நடத்த வேண்டும். கறுப்பினப் பிள்ளைகளைக் கண்டுகொள்ளாத வெள்ளையர் வாரியங்கள் இப்படித்தான் பொறுப்புக்குள் இழுக்கப்பட்டன.

ஊரார் பங்கு எப்படி வந்தது? அலபாமாவில் ஒரு கூட்டத்தில், அடிமைக்காலத்தைப் பார்த்த முதியவர் ஒருவர் பிசுக்கேறிய பழைய பையை மேசைமேல் கவிழ்த்தார். உள்ளே இருந்த 38 டாலர்தான் அவருடைய ஆயுள் சேமிப்பு. பள்ளிக்கென்றே தனியாகப் பருத்தி விதைத்த ஊர்களும் உண்டு. மின்சாரமில்லாத அந்தப் பள்ளிகளுக்கு வெளிச்சம் வரும் திசை பார்த்து வரிசையாகப் பெரிய ஜன்னல்கள் வைத்தார்கள்.

‘ஏற்கெனவே வரி கட்டியவர்களிடம் மறுபடியும் வசூலா?’ என்று கேட்பவர்கள் கேட்பது நியாயம். அந்த வரியில் பெரும்பகுதி வெள்ளையர் பள்ளிகளுக்கே போனது. இது இரட்டை வரிதான். ஆனால் கட்டடத்தை முழுதும் இனாமாகக் கொடுத்திருந்தால் அது வெறும் தர்மப் பள்ளியாகவே நின்றிருக்கும். ஆசிரியருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க எந்த வாரியம் முன்வந்திருக்கும்? அந்தச் சம்பளமும் வெள்ளை ஆசிரியருக்குத் தந்ததைவிடக் குறைவு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

வாஷிங்டனை விமர்சித்த கறுப்பின அறிஞர் டு பாய்ஸின் குற்றச்சாட்டு இன்னும் கனமானது: தொழிற்கல்வியைப் பிடித்துக்கொண்டு அரசியல் உரிமையை வாஷிங்டன் தள்ளிப்போடுகிறார் என்பது. 1895-இல் அட்லான்டாவில் வாஷிங்டன் ஆற்றிய உரை அதற்கு இடம் கொடுக்கவே செய்தது. வாக்குரிமை வழக்குகளுக்கு அவர் ரகசியமாகப் பணம் கொடுத்தது பிறகுதான் வெளிவந்தது. ஆனால் வாஷிங்டன் மனத்தில் என்ன இருந்தது என்பதைவிட, பள்ளிகள் என்ன செய்தன என்பதே எனக்கு முக்கியம். கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையே படிப்பில் இருந்த இடைவெளி குறைந்ததில் இந்தப் பள்ளிகளுக்குக் கணிசமான பங்குண்டு என்று 2011-இல் வெளியான பொருளியல் ஆய்வு ஒன்று காட்டியது. 1965-இல் வாக்குரிமை கேட்டுச் செல்மா பாலத்தில் ஊர்வலத்தை முன்னின்று நடத்தி, போலீஸ் தடியடியில் மண்டை உடைந்த ஜான் லூயிஸ் படித்ததும் அலபாமாவின் ரோசன்வால்ட் பள்ளி ஒன்றில்தான்.