தாய்மொழியும் பல்கலைக்கழகமும்

வரிப்பத்தான்சேனையில் வளரும் பிள்ளைக்கு இன்று பல்கலைக்கழகம் எட்டாத இடமன்று. அதே அம்பாறை மாவட்டத்து ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நூறாண்டுகளுக்கு முன் நிலை வேறு. 1921இல் கொழும்பில் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவர், இலண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சைகளையே ஆங்கிலத்தில் எழுதினர்.

ஆங்கில ஆட்சி விதைத்த இத்தகைய வழக்கங்களை எதிர்த்து, 1924இல் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் எழுந்தது. அதன் முன்னணித் தலைவர் ஹண்டி பேரின்பநாயகம். தாய்மொழிக் கல்வி, தேசிய உடை, சாதி வேற்றுமை ஒழிப்பு, பூரண சுயராஜ்யம் ஆகியவற்றை அவ்வியக்கம் வற்புறுத்தியது. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவேற்றது.

1931இல் எழுந்ததே பெரும் சர்ச்சை. டொனமூர் அரசியலமைப்பு பூரண சுயராஜ்யம் வழங்கவில்லையெனக் கூறி, அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு இளைஞர் வேண்டினர். யாழ்ப்பாணப் பகுதியின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாயிருந்தன. சட்டம் இயற்றும் சபையில் தம் மக்களின் குரலையே அவர்கள் இழக்கச் செய்தனர் என்ற கண்டனத்தைப் புறந்தள்ள இயலாது.

எனினும், கல்வி பற்றிய அவர்களின் கோரிக்கை காலத்தால் வலுப்பெற்றது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தானே பட்டம் வழங்கத் தொடங்கியது. 1960ஆம் ஆண்டளவில் கலைப் பாடங்கள் தமிழிலும் சிங்களத்திலும் கற்பிக்கப்படலாயின. கிராமத்துப் பாடசாலையில் தமிழில் பயின்ற பிள்ளைக்குப் பட்டப்படிப்பின் கதவு அவ்வாறே திறந்தது.