வலை வேலைக்கு நடுவே ஜப்பானிய மொழி: நேரம் எங்கே இருக்கு?

பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய ஊரூர் ஒல்காட் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு ஜப்பானியச் சொல் தெரியும்: சுனாமி. 'த்சு' என்றால் துறைமுகம், 'நாமி' என்றால் அலை. 2004 டிசம்பர் 26 கற்றுக்கொடுத்த சொல் அது. இன்று அதே மொழியை வேறு காரணத்துக்காகப் படிக்கலாம்: வேலை.

என்ன வாய்ப்பு?

ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க 2019 ஏப்ரலில் 'குறிப்பிட்ட திறன் தொழிலாளர்' விசாவை ஜப்பான் தொடங்கியது. முதியோர் பராமரிப்பு, உணவகம், கட்டுமானத்தோடு மீன்பிடித் தொழிலும் அதில் உண்டு. 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் இதற்கு ஒப்பந்தம் செய்தன. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். தொழில் திறன் தேர்வோடு, ஜேஎல்பிடி தேர்வில் என்4 நிலை அல்லது ஜேஎஃப்டி பேசிக் தேர்வில் தேர்ச்சி தேவை. முதல் கட்ட விசாவில் அதிகபட்சம் 5 ஆண்டு வேலை பார்க்கலாம். ஆனால் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. இதை வீட்டில் முதலிலேயே பேசிவிடுங்கள்.

எவ்வளவு படிக்கணும்?

ஜேஎல்பிடியில் ஐந்து நிலைகள். என்5 எளிது, என்1 கடினம். 2010-க்கு முந்தைய பழைய தேர்வுமுறையில், இன்றைய என்5-க்கு இணையான நிலைக்கு 150 மணி நேரம், 800 சொற்கள், 100 காஞ்சி எழுத்துகள். என்4-க்கு இணையான நிலைக்கு 300 மணி நேரம், 1,500 சொற்கள், 300 காஞ்சி என்று கணக்கு வைத்திருந்தார்கள். தினமும் ஒரு மணி நேரம் என்றால் 300 நாள். தொழிலில் இருப்பவருக்கு நாள் தவறத்தான் செய்யும். ஒன்றரை வருஷம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

அந்த ஒரு மணி நேரத்துக்கு எங்கே போவது?

மொத்தமாகத் தேடினால் கிடைக்காது, உடைத்துப் போடுங்கள்.

* வலையில் சிக்கெடுக்கும்போது கைக்குத்தான் வேலை, காது சும்மா இருக்கிறது. 25 நிமிடம் பாட ஒலிப்பதிவு கேளுங்கள். 29சி பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே வழிதான்.
* மதியத் தூக்கத்துக்கு முன் 15 நிமிடம் எழுத்துப் பயிற்சி. ஹிரகானா 46, கதகானா 46. நாளைக்கு ஐந்து எழுத்து என்றால் மூன்று வாரத்தில் இரண்டும் முடியும்.
* இரவு 20 நிமிடம் இலக்கணம். காற்று பலமாக அடித்துக் கடலுக்குப் போகாத நாளில், விட்டுப்போன காஞ்சியைப் பிடியுங்கள்.

கண்ணெதிரே இருக்கும் பொருளிலிருந்து தொடங்கினால் மறக்காது. வலை 'அமி', படகு 'ஃபுனே', மீன் 'சகானா'. கடல் 'உமி', நண்டு 'கனி'! நெல் உமியும் மாங்கனியும் ஞாபகம் வந்தால் போதும், இரண்டும் மனசில் ஒட்டிக்கொள்ளும்.

தமிழ் உதவுமா?

நிச்சயமாக. 'நான் மீனைச் சாப்பிடுறேன்' என்பது 'வதாஷி வா சகானா ஓ தபேமாஸ்'. நம்முடைய 'ஐ' இருக்கும் இடத்தில் அங்கே 'ஓ', வினைச்சொல் கடைசியில். கேள்வி கேட்க நாம் 'ஆ' சேர்ப்போம், அவர்கள் 'கா' சேர்க்கிறார்கள். அதனால் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து யோசிக்காமல் தமிழிலேயே யோசியுங்கள்.

எங்கே படிப்பது, எதில் கவனம்?

ஜப்பான் ஃபவுண்டேஷனின் 'இரோதோரி' பாடநூலும் ஒலிப்பதிவும் இணையத்தில் இலவசம். நேரடி வகுப்புக்குச் சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் மையம் இருக்கிறது. ஜேஎல்பிடி ஜூலை, டிசம்பர் மாதங்களில் நடக்கும். சென்னையிலும் மையம் உண்டு. என்4-ல் 180-க்கு 90 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் கேட்டல் பகுதியில் 60-க்கு 19 கட்டாயம்; மற்றதில் எவ்வளவு எடுத்தாலும் இதில் குறைந்தால் போச்சு. பேச்சுத் தேர்வு இல்லை என்பதற்காக வாய் திறக்காமல் இருக்காதீர்கள். வேலை நேர்காணலில் பேசித்தான் ஆகணும்.

கடைசியாக ஒன்று. உங்கள் துறைக்கான திறன் தேர்வு இந்தியாவில் நடக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஏஜென்ட் யாராக இருந்தாலும், வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவர்தானா என்று சரிபார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஒருவேளை ஜப்பான் பயணம் அமையாமல் போனாலும் படித்த மொழி கையில் இருக்கும். கட்டிய பணம் திரும்பி வருமா என்பது சந்தேகம்தான்.