ஈரி ஏரியும் நன்றி நவிலும் வாரமும்

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நன்றி நவிலும் திருநாள். 1863-இல் ஆபிரகாம் லிங்கன் நாடு முழுவதற்கும் பொதுவான விழாவாகப் பிரகடனம் செய்து, 1941-இல் காங்கிரஸ் சபை சட்டமியற்றி நிலைநிறுத்திய அந்த நாள், 22-ஆம் தேதிக்கு முன் வருவதுமில்லை, 28-ஆம் தேதிக்குப் பின் போவதுமில்லை. இலையுதிர் காலத்தின் கடைக்கோடியில், மரங்களெல்லாம் மொட்டையாகிப் பகற்பொழுதும் சுருங்கிவிட்ட அந்த வாரத்தில்தான், புதன்கிழமை தொடங்கி ஞாயிறு வரையில், கோடிக்கணக்கான ஜனங்கள் காரிலும் விமானத்திலும் தத்தம் உற்றார் இல்லங்களுக்குப் பிரயாணப்படுகிறார்கள். தேசமே வழியில் இருக்கும் அத்தகைய ஒரு வாரத்தின் வானிலையைச் சொல்லுகிறவர்களின் பொறுப்பு எங்கும் பெரிதுதான். ஆயினும், நியூயார்க் மாகாணத்தின் மேற்குக் கோடியில், ஈரி ஏரிக்கரையிலுள்ள பஃபலோ நகரத்தாருக்குச் சொல்லுகிறவர்களின் பொறுப்புக்கு வேறெதுவும் ஈடாகாது.

வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளுள் ஆழம் மிகக் குறைந்தது ஈரி. தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் சுமார் 240 மைல் நீண்டு கிடக்கும் அந்த ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய 62 அடிதான். ஆகவே கோடையில் விரைவில் சூடேறுகிறது. கடுங்குளிரில் விரைவில் உறைந்தும் போகிறது. இவ்விரண்டு நிலைகளுக்கும் நடுவே நிற்பதுதான் நவம்பர் மாதம். மார்கழி விடியற்காலையில், வெளியே உடல் நடுங்க நிற்பவனுக்குக் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருப்பதுபோல, கரையிலுள்ள நிலமெல்லாம் குளிர்ந்துவிட்ட பிறகும் ஏரி தன் கோடைக்கால உஷ்ணத்தில் ஒரு பங்கை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. அப்பொழுது அதன் நீர் சாதாரணமாக 8, 9 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். கனடாவுக்கும் அப்பாலிருந்து துருவக்காற்று இறங்கி வந்து அந்த நீர்ப்பரப்பைத் தடவிக்கொண்டு போகுமானால், அடியிலே சூடும் ஈரமும் ஏறிய காற்று மேலே கிளம்பி, மேகமாகத் திரண்டு, எதிர்க்கரையில் பனியாகக் கொட்டிவிடுகிறது. நீரின் மேற்பரப்புக்கும் ஐயாயிரம் அடி உயரத்துக் காற்றுக்கும் இடையே 13 டிகிரியாவது வித்தியாசம் இருக்கவேண்டும் என்பது வானிலை அறிஞர்கள் கைக்கொண்டுள்ள பிரமாணம்.

இதில் விசேஷம் என்னவென்றால், காற்று ஏரியின் குறுக்கே வீசினால் அது நீரின்மேல் கடக்கும் தூரம் கொஞ்சம். சிறுசிறு பனித்தூறல்கள் கரையோரமெங்கும் சிதறிப்போகும். காற்று ஏரியின் நீளவாட்டத்திலேயே, தென்மேற்குக்கும் மேற்குக்கும் நடுவாக நின்று வீசுமானால், நீராவி முழுவதும் ஒரே பட்டையாகத் திரண்டு, சில மைல் அகலமே உள்ள அந்தப் பட்டையின் கீழ் மணிக்கு மூன்று நான்கு அங்குலம் வீதம், சில வேளைகளில் இடியும் மின்னலுமாக, பனி பொழிகிறது. காற்றின் திசை ஒரு பத்து டிகிரி திரும்பினால் போதும். ஒரு பேட்டையில் பெய்துகொண்டிருந்த பனி மறு பேட்டைக்குப் போய்விடும்.

2014-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் தேதி இரவு தொடங்கியது இத்தகைய பட்டைகளுள் மிகக் கொடியது. நகரத்தின் தென்புறத்துப் பேட்டைகளில், இடையில் சற்றே ஓய்வு விட்டு இரண்டு தவணையாகப் பெய்து, சில இடங்களில் ஏழடி உயரத்துக்குப் பனி குவிந்துவிட்டது. வட பஃபலோவிலோ சில அங்குலங்களுக்கு மேல் இல்லை. நகரின் நடுவிலுள்ள உயர்ந்த கட்டடங்களில் நின்றவர்கள், தலைக்கு மேலே வெயில் காய்ந்துகொண்டிருக்க, தெற்கே சிறிது தூரத்தில் பூமியிலிருந்து ஆகாயம் வரை வெண்சுவர் ஒன்று எழும்பி நிற்பதைக் கண்டார்கள். அந்தச் சுவருக்குள் அகப்பட்டவர்கள் வாசற்கதவை உள்ளே இழுத்துத் திறந்தபோது, எதிரே கதவளவுக்குப் பனி நின்றது. கதவின் சட்டங்களும் பள்ளங்களும் அதில் அச்சுப் பதிந்திருந்தன. நெடுஞ்சாலையில் வாகனங்கள் வரிசை வரிசையாகப் புதைந்தன. நயாகரா பல்கலைக்கழகத்துப் பெண்களின் கூடைப்பந்தாட்டக் குழு தன் பஸ்ஸுக்குள்ளேயே ஒரு நாளுக்கும் மேலாகச் சிறைப்பட்டிருந்தது. பத்துப் பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அடுத்த வாரம், அதாவது திருநாள் வாரத்தின் தொடக்கத்திலேயே, திடீரென்று உஷ்ணம் ஏறிப் பனி உருகலாயிற்று. கூரைகளுக்கும் ஓடைகளுக்கும் அஞ்சி ஜனங்கள் விழித்திருக்க வேண்டியதாயிற்று.

இதற்கு முன்பும் ஓர் உதாரணம் உண்டு. 2000-ஆம் ஆண்டில் நவம்பர் 20, திங்கட்கிழமை. திருநாளுக்கு மூன்றே நாள் இருந்தது. பகலில் பெய்யத் தொடங்கிய பனி இரவுக்குள் ஏறக்குறைய இரண்டடி சேர்ந்துவிட்டது. அளவைப் பார்த்தால் 2014-உடன் ஒப்பிடத் தக்கதன்று. ஆனால் காரியாலயங்களிலும் பள்ளிகளிலும் இருந்த அனைவரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பித் தெருக்களை அடைத்துக்கொண்டதால், பனி வாரும் வண்டிகளுக்கும் வழியில்லாமல், குழந்தைகள் பள்ளி பஸ்களில் இரவு நெடுநேரம் தவிக்க நேர்ந்தது. பனியைவிட நேரம்தான் அன்று பெருந்தீங்கு செய்தது என்பது என் அபிப்பிராயம்.

இத்தகைய துன்பங்களிலிருந்து அதிகாரிகள் கற்ற பாடம் 2022-இல் பயன்பட்டது. அவ்வாண்டு திருநாளுக்கு முந்திய வாரம், பஃபலோவுக்குத் தெற்கிலுள்ள ஹாம்பர்க், ஆர்ச்சர்ட் பார்க் ஆகிய ஊர்களில் ஆறரை அடிக்கு மேற்பட்ட பனி விழுந்தது. ஆனால் சில நாள் முன்னதாகவே வானிலைச் சேவை உறுதியாக எச்சரித்திருந்தபடியால், பனி கனப்பதற்கு முன்பே லாரிகள் நெடுஞ்சாலையிலிருந்து விலக்கப்பட்டன; பஃபலோ பில்ஸ் என்னும் அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டம் டெட்ராய்ட் நகரத்துக்கு மாற்றப்பட்டது. அப்படியிருந்தும் பனி அள்ளும்போது மாரடைப்பால் இறந்தவர்கள் உண்டு. ஈரமேறிய பனி எத்தனை கனமென்பதை மண்வெட்டி எடுக்குமுன் நடுத்தர வயதினர் எண்ணிப் பார்க்கவேண்டும் என்று வருஷந்தோறும் சொல்லப்படுவது வெறும் சம்பிரதாயமன்று.

ஆகையால் இந்த வாரத்து வானிலை அறிக்கையைப் படிப்பவர், குளிர் எத்தனை டிகிரி என்று பார்ப்பதற்கு முன், காற்று எங்கிருந்து, எந்த மணிவரையில் வீசும் என்று பார்ப்பது நலம். "மேற்கு நியூயார்க்கில் பனி" என்னும் ஒற்றை வாக்கியம் இங்கே ஒருவருக்கும் உதவாது. தேசிய வானிலைச் சேவையார் பஃபலோ அடங்கிய ஈரி கவுண்டி ஒன்றையே வட ஈரி, தென் ஈரி என்று இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே எச்சரிக்கை விடுப்பது மிகவும் நியாயமான ஏற்பாடு. அதைத் தொலைக்காட்சியும் பத்திரிகையும் சுருக்கி ஒன்றாக்கிச் சொல்லும்போது, ஒரு பாதி ஜனங்கள் வீணாக அஞ்சுகிறார்கள், மறு பாதி ஜனங்கள் அடுத்த முறை நம்ப மறுக்கிறார்கள்.

பொதுவாக நிகழும் கிரமம் இது: குளிர்முகம், அதாவது முன்னேறிவரும் குளிர்காற்றின் விளிம்பு, கடக்கும்போது தென்மேற்குக் காற்று பட்டையை நகரத்தின்மேலும் வட பேட்டைகளின்மேலும் நிறுத்தும், காற்று மேற்காகத் திரும்பத் திரும்பப் பட்டை தெற்கே நகரும், வடமேற்காகிவிட்டால் தெற்கிலுள்ள குன்றுகளில் சிதறிப் பலம் குறையும். ஒண்டாரியோ ஏரிக்குக் கிழக்கே டக் ஹில் மேட்டுநிலத்தில் இதே கதை இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. அந்த ஏரி மிக ஆழமானதாகையால் முற்றும் உறைவது அபூர்வம்; ஆகவே பனிக்கு வேண்டிய ஈரம் அங்கே தடைப்படுவதில்லை.

திருநாளான வியாழன் காலையில், 1896 முதல் பஃபலோவில் நடந்துவரும் எட்டுக் கிலோமீட்டர் ஓட்டத்தில் கலந்துகொள்பவர்கள் கையுறையும் காதுமூடியும் அணிந்து ஓடிவிடுவார்கள். அவர்களைப் பற்றிக் கவலையில்லை. கவலைக்குரியது திரும்பும் பயணம்தான். 2024-இல் திருநாள் நவம்பர் 28. மறுநாளே ஏரியின் தென்கரையில் பனி கொட்டத் தொடங்கி, பென்சில்வேனியாவின் ஈரி நகரத்தருகே ஐ-90 நெடுஞ்சாலையில் ஒரு பகுதி மூடப்பட்டது. கிளீவ்லண்டிலிருந்து பஃபலோவுக்கு அந்தச் சாலை ஏரிக்கரையை ஒட்டியே செல்வதால், வாரக்கடைசியில் வடமேற்குக் காற்று எதிர்பார்க்கப்படுமானால், எரிபொருளும் கம்பளியும் குடிநீரும் வண்டியில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முன்பாகப் புறப்படுவதோ, அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை வரையில் உற்றார் வீட்டிலேயே தங்கிவிடுவதோ உத்தமம்.