கர்ப்பப்பையை எடுத்த பிறகு வரும் ரிப்போர்ட்

ஃபைப்ராய்டு கட்டி, அதிக உதிரப்போக்கு, அடியிறக்கம் போன்ற காரணங்களுக்காகக் கர்ப்பப்பையை எடுத்துக்கொள்ளும் பெண்களில் மிகச் சிலருக்கு, அதற்குள் புற்றுநோய் இருந்தது பிறகுதான் தெரியவருகிறது. அதைச் சொல்வது பயாப்ஸி ரிப்போர்ட். அதை வாங்கி, மருத்துவரிடம் விளக்கம் கேட்கும்வரை சிகிச்சை முடிந்ததாகக் கொள்ளக்கூடாது என்பது என் வாதம். நடைமுறையில், எடுத்த உறுப்பைத் தட்டில் வைத்து உறவினருக்குக் காட்டுவதோடு விஷயம் முடிந்துவிடும் இடங்களும் உண்டு. பரிசோதனைக்கு அனுப்பினாலும், தையல் ஆறியபின் ரிப்போர்ட்டைத் தேடிப் போகிறவர்கள் குறைவு.

அபூர்வமான ஒன்றைச் சொல்லி ஏன் பயமுறுத்த வேண்டும் என்று கேட்கலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், ஃபைப்ராய்டுக்காக அறுவை செய்துகொள்ளும் சுமார் 350 பெண்களில் ஒருவருக்குச் சார்கோமா என்ற அபூர்வப் புற்றுநோய் சந்தேகிக்கப்படாமலே இருக்கலாம் என்று 2014 ஏப்ரலில் கணித்தது. இது மிகை என்று மருத்துவர்கள் பலர் மறுத்தார்கள். சில ஆய்வுகள் குறைந்த எண்ணையே தந்தன. அந்தச் சர்ச்சை எப்படியும் போகட்டும், ஆபத்து எடுக்கும் முறையில்தான் பெருகுகிறது. லேப்ராஸ்கோபியின் சிறு துளை வழியே பெரிய கர்ப்பப்பையை வெளியே கொண்டுவர, மார்செலேட்டர் என்ற கருவி அதைத் துண்டு துண்டாக வெட்டும். உள்ளே சார்கோமா இருந்தால் துணுக்குகள் வயிற்றுக்குள் சிதறிப் பரவலாம். அந்த ஆண்டு ஜூலையில் ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் மார்செலேட்டர்களைத் திரும்பப் பெற்றது. அதற்காக லேப்ராஸ்கோபியே வேண்டாம் என்று சொல்வது அவசரம். வலியும் தொற்றும் குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். பிறப்புறுப்பு வழியாக முழுதாக எடுக்க முடியும். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் பைக்குள் வைத்து வெட்டலாம். எந்த வழி என்பதை ஆபரேஷனுக்கு முன்பே கேட்கலாம். 2008-இல் சமீரா கோலி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், ஆபத்தையும் மாற்று வழிகளையும் போதிய அளவு விளக்கியே சம்மதம் பெறவேண்டும் என்று சொல்லிவிட்டது.

முன்பே கண்டுபிடிக்காதது மருத்துவரின் தவறுதானே என்பது அடுத்த கேள்வி. எப்போதும் அல்ல. சார்கோமா ஸ்கேனில் பெரும்பாலும் ஃபைப்ராய்டு போலவே தெரியும், உட்சுவரைச் சுரண்டி எடுத்துச் சோதிக்கும் டி அண்ட் சி-யிலும் பல சமயம் அகப்படாது. கர்ப்பப்பையின் உட்சுவரில் வரும் புற்றுநோய் அப்படியல்ல. மாதவிடாய் நின்றபின் இரத்தம் பட்டால் உட்சுவர்த் திசுவைச் சோதிக்காமல் கர்ப்பப்பையை எடுப்பது சரியில்லை. கர்ப்பப்பை வாய்க்கான பாப் ஸ்மியர் சோதனை எடுக்காமல் செய்வதும் அப்படித்தான். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் இருந்தால் சாதாரண ஆபரேஷன் போதாமல், பிறகு கதிர்வீச்சோ இன்னொரு ஆபரேஷனோ தேவைப்படலாம்.

ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்தால் உடனே மறுபடி வயிற்றைத் திறக்கவேண்டும் என்று கலங்க வேண்டாம். முதலில் ஸ்லைடுகளைப் புற்றுநோய்த் திசுவில் அனுபவமுள்ள நோய்க்குறியியல் நிபுணர் மறுபடி பார்க்கவேண்டும். பிறகு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. உட்சுவரில் தொடங்கிய நோய் தீவிரம் குறைந்த வகையாக இருந்து, தசையில் பாதி ஆழத்தைத் தாண்டாமல், இரத்த நாளங்களுக்குள்ளும் நுழையாமல் இருந்தால் பலருக்குக் கண்காணிப்பே போதும். ஆழமாகப் போயிருந்தாலோ, தீவிர வகை என்றாலோ, சினைப்பையோ கர்ப்பப்பை வாயோ விடப்பட்டிருந்தாலோ மேல்சிகிச்சை தேவையா என்று புற்றுநோய் மருத்துவர்கள் குழுவாக முடிவு செய்வார்கள். இதை மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. வெட்டப்பட்டது சார்கோமா என்றால் அவசரம் இன்னும் கூடுதல்.

செலவைக் காட்டி பயாப்ஸியைத் தவிர்ப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆபரேஷன் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. எதிர்பாராமல் புற்றுநோய் வெளிப்பட்டது மட்டுமே அலட்சியம் ஆகிவிடாது. திசுவை அனுப்பாமல் விட்டதும், வந்த ரிப்போர்ட்டைத் தெரிவிக்காததும் வேறு விஷயம். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தரவேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைகள். கட்டணம் வாங்கிய மருத்துவமனை மீது இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். அதற்கெல்லாம் முன்னால் ஆய்வகத்தில் உள்ள ஸ்லைடுகளையும், திசு பதித்த மெழுகுக் கட்டிகளையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.