கட்டிய பாதத்தோடு உதைக்க முடியுமா? குங்ஃபூ கதைகளுக்குப் பின்னால் இருக்கும் சீனப் பெண்களின் வலி

காமயகவுண்டன்பட்டியோ கம்பமோ, சிலம்பம் கற்கப் போகும் பிள்ளைக்கு அடிப்படைப் பாடம் காலடி. எந்தக் காலை எங்கே வைப்பது, எப்படித் திரும்புவது என்று வெறுங்காலில் பழகிய பிறகுதான் கம்பு கைக்குப் பிடிபடும்.

அந்தப் பாதத்தையே சின்ன வயதில் மடக்கிக் கட்டிவிட்டால்? சீனாவில் சுமார் ஆயிரம் ஆண்டுகள் இது நடந்தது. அப்படிக் கட்டப்பட்ட கால்களுக்கு ஏற்றபடிதான் குங்ஃபூவின் சில உதைகள் உருவாகின என்று ஒரு பேச்சும் உண்டு. உண்மையா?

பாதக் கட்டு என்றால் என்ன?

ஐந்து, ஆறு வயதுச் சிறுமியின் கட்டைவிரலை மட்டும் விட்டுவிட்டு, மற்ற நான்கு விரல்களையும் உள்ளங்காலுக்குக் கீழே மடக்கி நீளத் துணியால் இறுக்குவார்கள். நாளாக நாளாகக் குதிகாலும் முன்பாதமும் நெருங்கிவந்து, நடுப்பாதம் வில்லாக வளைந்துவிடும். சுமார் 10 செ.மீ. நீளப் பாதம்தான் அழகு. அதற்குப் பெயர் 'பொன் தாமரை'. 10ஆம் நூற்றாண்டில் அரண்மனை நடனத்தில் தொடங்கியதாகச் சொல்லப்படும் இந்த வழக்கம், மெல்ல சாதாரணக் குடும்பங்களுக்கும் பரவியது. நல்ல வரன் அமையணுமே என்ற கவலையில், பெரும்பாலும் அம்மாவோ பாட்டியோதான் கட்டிவிட்டார்கள்.

உதைக்கு என்ன ஆகும்?

உதை என்றால் நம் கண் தூக்கிய காலைத்தான் பார்க்கும். ஆனால் பலம் ஊன்றிய காலில் இருக்கிறது. முன்பாதம் தரையை அழுத்தித் திரும்ப வேண்டும், கணுக்கால் சமநிலையைப் பிடிக்க வேண்டும், கெண்டைக்கால் உந்தித் தள்ள வேண்டும். கட்டிய பாதத்தில் விரல்கள் தரையைப் பற்றாது. எடை குதிகாலில் விழும். சரியான வேலை இல்லாமல் கெண்டைக்கால் மெலியும். ஒற்றைக் காலில் நிற்பதே போராட்டம் எனும்போது உயரமான உதைக்கு எங்கே போவது?

பெய்ஜிங்கில் 70 வயதைக் கடந்த 193 பெண்களிடம் நடத்தப்பட்டு 1997இல் வெளியான ஆய்வும் இதைத்தான் காட்டுகிறது. 80 வயதைத் தாண்டியவர்களில் 38 சதவீதம் பேருக்குக் கட்டிய பாதம். அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் கீழே விழுந்திருந்தார்கள். குத்தவைத்து உட்காரவும், பிடிமானம் இல்லாமல் நாற்காலியிலிருந்து எழவும் அதிகம் சிரமப்பட்டார்கள்.

அப்போ விங் சுன்?

புரூஸ் லீயின் குரு இப் மேன் கற்பித்த விங் சுன் கலையை உருவாக்கியது பெண்கள் என்று ஒரு கதை உண்டு. அதில் உதைகள் பொதுவாக இடுப்புக்கு மேலே போகாது. 'பாதம் கட்டிய பெண்களுக்காகத்தான் இப்படி' என்பது இதிலிருந்து கிளம்பிய ஊகம். ஆனால் அந்தத் தோற்றக் கதையே நாட்டார் கதைதான், வரலாற்று ஆதாரம் இல்லை. நெருங்கி நின்று மோதும் கலையில், காலை நெடுநேரம் காற்றில் வைக்காமல் இருப்பதே பாதுகாப்பு. தவிர, உயர உதைகளுக்குப் பேர்போன வட சீனாவிலும் பாதக் கட்டு பரவலாக இருந்தது. உதையின் உயரத்தைப் பாதக் கட்டு தீர்மானித்திருந்தால் அங்கே எப்படி?

மேடையில் பார்த்தது?

சீன இசை நாடகத்தில் பெண் வேடம் போட்ட ஆண் நடிகர்கள், சின்னப் பாதம் போலத் தெரிய மரக்கட்டைக் காலணிகளைக் கட்டிக்கொண்டார்கள். நிஜப் பாதத்தை கால்சட்டை மறைத்தது. அந்தக் கோலத்தில் தாவினார்கள், சண்டை போட்டார்கள். ரசிகர் கண்டது பொன் தாமரை. உள்ளே இருந்ததோ வருடக்கணக்கில் பயிற்சி பெற்ற முழுப் பாதம்.

கட்டை அவிழ்த்தவர்கள்

நிஜப் போர்க்களத்தில் நின்றவர்கள் வேறு. 1850 முதல் 1864 வரை நடந்த தைப்பிங் கிளர்ச்சியில் ஹக்கா சமூகப் பெண்கள் படையில் இருந்தார்கள். வயலில் உழைத்த அவர்களிடம் பாதம் கட்டும் வழக்கம் இல்லை. கவிஞரும் புரட்சியாளருமான சியூ ஜின், சிறுவயதில் கட்டப்பட்ட தன் பாதத்தைத் தானே அவிழ்த்தார். வாள் பழகினார். 1907இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

1912இல் சீனக் குடியரசு பாதக் கட்டைத் தடை செய்தது. கிராமங்களில் பிறகும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. பெய்ஜிங் ஆய்வில் பேசிய பாட்டிகள், அப்படிக் கட்டப்பட்ட கடைசித் தலைமுறைகளைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்காக யாரும் தனி உதை கண்டுபிடிக்கவில்லை. காலடி எடுத்து வைக்கும் வாய்ப்பே அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை.