மணலுக்குள் விரியும் கல் ரோஜா



வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் ஊர் திரும்பும் நம் சகோதரர்கள் சிலர், பேரீச்சம்பழத்தோடு ஒரு கல்லையும் கொண்டு வருவதுண்டு. இதழ் இதழாக விரிந்து, மணல் நிறத்தில் ரோஜாப் பூவைப் போன்றே தோன்றும் அதற்குப் 'பாலைவன ரோஜா' என்று பெயர். 2019-இல் திறக்கப்பட்ட கத்தர் தேசிய அருங்காட்சியகம் இக்கல்லின் வடிவைத் தழுவியே கட்டப்பட்டது.

மெய்யான மலர்தான் கல்லாகச் சமைந்துவிட்டது என்றும், இதனை வீட்டில் வைத்தால் பரக்கத் உண்டாகும் என்றும் சிலர் கூறுவர். இரண்டும் ஆதாரமற்றவை. படைத்தவனின் வல்லமையைப் பேசுவதற்குப் பொய்யின் துணை எதற்கு? உண்மையில் நிகழ்வதே நாம் வியந்து நிற்கப் போதுமானது.

அரபுத் தீபகற்பத்தின் கரையோரங்களிலும் ஸஹாராப் பாலைவனத்தின் பள்ளங்களிலும் உவர்நிலங்கள் பரந்து கிடக்கின்றன. அரபியில் இதனை 'ஸப்கா' என்பர். மேலே வறண்ட மணல். சிறிது ஆழத்திலேயே உப்பு நீர். வானிலிருந்து அளவோடு இறக்கப்பட்ட நீர் பூமியில் தங்க வைக்கப்பட்டிருப்பதை அல்முஃமினூன் அத்தியாயத்தின் 18-ஆம் வசனம் நமக்கு நினைவூட்டுகிறதல்லவா? அவ்வாறு தங்கிய நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போன்று, மணல் துகள்களின் இடுக்குகள் வழியே மேலேறுகிறது. வெயில் அதனை ஆவியாக்குகிறது. நீர் போய்விடும்; அதில் கரைந்திருந்தவை போவதில்லை. எஞ்சிய நீர் மேலும் மேலும் செறிவடைகிறது.

கரைந்தவை யாவும் ஒரே நேரத்தில் படிவதில்லை. கடல் நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்புப் பொருளும், அடுத்து ஜிப்சமும், நீர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்த பின்னரே நாம் உண்ணும் உப்பும் பிரிகின்றன. தூத்துக்குடி உப்பளங்களில் உப்புக்கு முன்னர் ஜிப்சம் படிவதும் இம்முறையிலேயே. பாலைவன ரோஜா இந்த ஜிப்சத்தால் ஆனதே. கால்சியமும் சல்ஃபேட்டும் நீரோடு இணைந்த பொருள் அது. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாக நீரே இருக்கிறது. கையில் உலர்ந்து கிடக்கும் கல்லுக்குள் அவ்வளவு நீர்!

ஜிப்சப் படிகம் தட்டையான தகடாக வளரும் இயல்புடையது. வளரும்போது மணலை முழுவதும் ஒதுக்கித் தள்ளாமல் துகள்களைத் தன்னுள் விழுங்கிக் கொள்கிறது. தூய ஜிப்சம் கண்ணாடி போல் தெளிவாயிருக்க, இந்த ரோஜா மட்டும் மணல் நிறம் பெறுவது அதனால்தான். ஒரு மையத்திலிருந்து பல தகடுகள் பல திசைகளில் ஒன்றையொன்று ஊடறுத்து வளரும்போது இதழ்களின் தோற்றம் உண்டாகிறது. பின்னர் காற்று மேல் மணலை வாரிச் செல்ல, அது வெளிப்படுகிறது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் கிடைக்கும் செந்நிறக் கல் ரோஜா வேறு. அது பேரைட் என்னும் கனிமம்.

அல்ஜீரியாவின் ஸூஃப் பகுதி மக்கள் இக்கற்களைக் கொண்டே சுவர் எழுப்பி, ஜிப்சத்தைச் சுட்டுச் சாந்தாக்கிக் குவிமாட வீடுகள் கட்டினர். மழை அருகிய நாட்டில் அது பொருந்தும். நம் வீட்டிலுள்ள கல்லை நீரில் ஊறவைத்துக் கழுவாதீர்கள். ஜிப்சம் நீரில் சிறிது சிறிதாகக் கரையும், நகத்தாலும் கீறுபடும். மென்மையான தூரிகையால் தூசியை அகற்றினால் போதும்.

பாலைவனத்தில் பணிபுரிவோர்க்கு மற்றொரு வினா எழும்: இந்த உவர்மண்ணில் தயம்மும் செய்யலாமா? ஹிஜ்ரத்திற்குரிய பூமி இரு எரிமலைக் கற்பரப்புகளுக்கிடையே பேரீச்சை மரங்களுடைய உவர்நிலமாகத் தமக்குக் காட்டப்பட்டதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வாயிலாக ஸஹீஹுல் புகாரீ பதிவு செய்துள்ளது. அது மதீனா. அந்நகருக்கு நபியவர்களே 'தூயது' எனப் பெயரிட்டிருப்பதால் உவர்நிலமும் தூய மண்ணில் அடங்கும் என்று இமாம் இப்னு குஸைமா (ரஹ்) அவர்கள் வாதிட்டார்கள். ஷாஃபிஈ மத்ஹபில், புழுதியுள்ள உவர்மண் கூடும். உப்புப் படிந்து மேலே மூடியிருந்தால் கூடாது. ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்துப்படி, புழுதி இல்லாவிடினும் மணலிலும் ஜிப்சக் கல்லிலும்கூடத் தயம்மும் நிறைவேறும்.